டிங்கினேஷ் சிறுகோள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 நவம்பரில் நாசாவின் லூசி விண்கலம் ஒரு கல்லைக் கடந்துபோனது. அதன் கருவி ஒன்றைச் சோதித்துப் பார்ப்பதுதான் அன்றைய வேலை. கல் என்னவோ கையில் கிடைத்த ஒன்றுதான். ஆனால் கிடைத்த படங்களை வைத்து இன்றுவரை ஆய்வுக் கட்டுரைகள் வந்துகொண்டிருக்கின்றன. அந்தக் கல்லைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

டிங்கினேஷ் என்பது என்ன?

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றிவரும் சிறுகோள் பட்டையில் உள்ள ஒரு சின்னப் பாறைக் கோள். சராசரிக் குறுக்களவு சுமார் 720 மீட்டர். துபாயின் புர்ஜ் கலீஃபா கட்டடம் 828 மீட்டர் உயரம். அதைப் படுக்கவைத்தால் இந்தச் சிறுகோளைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். பட்டியலில் இதன் எண் 152830. விண்கலம் நேரில் போய்ப் பார்த்த பட்டைச் சிறுகோள்களில் இதுதான் மிகச் சிறியது.

யார் கண்டுபிடித்தது?

தனி மனிதர் யாரும் இல்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், சொக்கோரோ அருகே இயங்கிய லீனியர் என்ற தானியங்கி வானத் தேடல் திட்டம் 1999 நவம்பர் 4 அன்று இதைப் பிடித்தது. அப்போது கிடைத்த தற்காலிகப் பெயர் '1999 விடி57'. வேடிக்கையாகத் தெரிந்தாலும் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆண்டை அரை மாதங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து தருவார்கள். 'வி' என்றால் நவம்பரின் முதல் பாதி. அடுத்து வரும் எழுத்தும் எண்ணும் சேர்ந்து வரிசையைச் சொல்லும். அந்தப் பதினைந்து நாளில் பதிவான 1,429-ஆவது சிறுகோள் இது. பதினைந்தே நாளில் அத்தனை சிறுகோள்கள் பதிவான காலம் அது. அதனால் இந்தக் கல்லை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இருபது ஆண்டுக்கு மேல் பெயர்கூட இல்லாமல்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

பெயர் எங்கிருந்து வந்தது?

எத்தியோப்பியாவிலிருந்து. 1974-இல் அங்குள்ள ஹடார் என்ற இடத்தில் டொனால்ட் ஜோஹன்சன் குழுவினர் எடுத்த, சுமார் 32 லட்சம் ஆண்டு பழமையான ஆதிமனித எலும்புக்கூட்டை உலகம் 'லூசி' என்கிறது. எத்தியோப்பியர்கள் அதை 'டிங்கினேஷ்' என்று அழைக்கிறார்கள். அம்ஹாரிக் மொழியில் 'நீ அற்புதமானவள்' என்று பொருள். விண்கலத்துக்கு ஏற்கெனவே லூசி என்று பெயர் வைத்திருந்ததால், அது முதலில் சந்திக்கப்போகும் சிறுகோளுக்கு 2023 தொடக்கத்தில் இந்தப் பெயரைச் சூட்டினார்கள்.

பட்டையில் இது எங்கே இருக்கிறது? அங்கே ஒரு நாள், ஓர் ஆண்டு எவ்வளவு?

பட்டையின் உள்விளிம்புப் பக்கம். சூரியனிலிருந்து சராசரியாக 33 கோடி கி.மீ. தொலைவு, பூமியின் தொலைவைப் போல 2.19 மடங்கு. ஒரு சுற்று முடிக்க மூன்றேகால் ஆண்டு ஆகும். தன்னைத்தானே சுற்ற 3 மணி 44 நிமிடம் போதும். வெயில் நமக்குக் கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான் அங்கே விழுகிறது. அந்த ஐந்தில் ஒரு பங்கு வெயில் செய்த வேலைதான் இந்தக் கல்லின் கதையே. கொஞ்சம் கீழே அதற்கு வருகிறேன்.

இத்தனை கற்களுக்கு நடுவே விண்கலம் மோதிக்கொள்ளாதா?

மோதாது. சினிமாக்களில் காட்டுவதுபோல் பாறைகள் அடைத்துக்கொண்டிருக்கும் இடமில்லை அது. ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்டவை மட்டும் பத்து லட்சத்துக்குக் குறையாது என்று கணக்கிடுகிறார்கள். ஆனாலும் இடம் அவ்வளவு பெரிது, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே லட்சக்கணக்கான கி.மீ. வெற்றிடம். பட்டையில் உள்ள எல்லாவற்றையும் சேர்த்தாலும் நம் நிலாவின் நிறையில் 3 சதவீதம்தான் தேறும். 1972-73-இல் பயனியர் 10 முதன்முதலாகக் கடந்தபோது பயம் இருந்தது உண்மை. அதற்குப் பிறகு எத்தனையோ கலங்கள் சாதாரணமாகப் போய்வந்துவிட்டன. உண்மையில் பிரச்சினை நேர்மாறானது: ஒரு சிறுகோளின் அருகில் போகவேண்டும் என்றால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

அப்படியானால் லூசி ஏன் இந்தக் கல்லைத் தேர்ந்தெடுத்தது?

லூசி 2021 அக்டோபர் 16 அன்று ஏவப்பட்டது. அதன் உண்மையான இலக்கு வியாழனின் சுற்றுப்பாதையிலேயே முன்னும் பின்னும் கூட்டமாகச் செல்லும் ட்ரோஜன் சிறுகோள்கள். அங்கே எல்லாச் சந்திப்பும் 'பார்த்துக்கொண்டே கடந்துபோ' வகைதான். நின்று சுற்றிவர எரிபொருள் கிடையாது. பல கி.மீ./வினாடி வேகத்தில் கடக்கும்போது இலக்கு சரியாக எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே துல்லியமாகத் தெரியாது. பூமியிலிருந்து கேட்டுச் சொல்லவும் முடியாது, ரேடியோ அலை போய்வரவே பல நிமிடம் ஆகும். அதனால் கலமே தன் கேமராவில் இலக்கைப் பார்த்து, அதைப் படச்சட்டத்துக்குள் பிடித்துவைத்தபடி திரும்ப வேண்டும். இந்தப் பின்தொடர் அமைப்பை ட்ரோஜன்களிடம் போவதற்கு முன்பே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட விரும்பினார்கள்.

பிரான்சின் நீஸ் வானாய்வகத்தைச் சேர்ந்த ரஃபேல் மார்ஷல், ஐந்து லட்சம் சிறுகோள்களின் பாதைகளை லூசியின் பாதையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது இது சிக்கியது. எதுவும் செய்யாமல் விட்டாலே 64,000 கி.மீ. அருகில் லூசி இதைக் கடந்திருக்கும். பாதையைச் சற்றே திருத்தினால் சில நூறு கி.மீ.தான். 2023 ஜனவரியில் பட்டியலில் சேர்த்தார்கள், மே மாதத்தில் பாதைத் திருத்தத்தைத் தொடங்கினார்கள். சுருக்கமாகச் சொன்னால், டிங்கினேஷ் ஓர் ஒத்திகை மேடை. அதைத் தாண்டி அதனிடம் பெரிதாக யாரும் எதிர்பார்க்கவில்லை.

கடந்துபோன அன்று என்ன நடந்தது?

2023 நவம்பர் 1, இந்திய நேரப்படி இரவு 10.24 வாக்கில் லூசி சுமார் 430 கி.மீ. தொலைவில், வினாடிக்கு 4.5 கி.மீ. வேகத்தில் டிங்கினேஷைக் கடந்தது. மணிக்கு 16,000 கி.மீ.க்கும் மேல். பின்தொடர் அமைப்பு எதிர்பார்த்தபடியே வேலை செய்தது. படங்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பூமிக்கு வந்து சேர்ந்தன. முதலில் வந்தவற்றிலேயே பக்கத்தில் இன்னொரு கல்: டிங்கினேஷுக்கு ஒரு நிலவு.

சரி, இரட்டைச் சிறுகோள் என்று அறிவித்தார்கள். சில நாள் கழித்து, கடந்துபோன பிறகு ஆறு நிமிடம் ஆனபோது 1,630 கி.மீ. தொலைவிலிருந்து எடுத்த படங்கள் வந்தன. அவற்றில் அந்த நிலவு ஒரு கல் இல்லை, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு கற்கள். நெருங்கியபோது லூசியின் கோணத்தில் ஒன்று மற்றொன்றின் பின்னால் சரியாக மறைந்திருந்தது.

நிலவு இருப்பது முன்பே தெரியாதா?

தடயம் இருந்தது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

சந்திப்புக்கு முன் பூமியிலுள்ள தொலைநோக்கிகளில் டிங்கினேஷின் ஒளி கூடிக் குறைவதை அளந்தார்கள். நீள்வடிவக் கல் சுழலும்போது அகலமான பக்கம் திரும்பினால் ஒளி கூடும், குறுகிய பக்கம் திரும்பினால் குறையும். அதிலிருந்து சுழற்சிக் காலத்தைக் கணக்கிடலாம். விடை சுமார் 52.7 மணி நேரம் என்று வந்தது. இவ்வளவு சின்னக் கல்லுக்கு இது மிக மெதுவான சுழற்சி. லூசியின் கேமராவே நெருங்கி வருகையில் எடுத்த அளவுகளிலும் ஒளி மாறிய விதம் ஒரே கல் என்பதோடு ஒத்துப்போகவில்லை. அதனால் துணை ஒன்று இருக்குமோ என்ற சந்தேகம் குழுவினருக்குக் கடைசி வாரங்களில் வந்திருந்தது.

படங்கள் வந்ததும் விஷயம் விளங்கியது. டிங்கினேஷ் ஏறக்குறைய உருண்டை. எப்படித் திரும்பினாலும் அதன் ஒளி அதிகம் மாறாது. மாறியது அதன் நிலவின் ஒளி. அந்த 52.7 மணி நேரம், நிலவு ஒருமுறை சுற்றிவர எடுக்கும் காலம்! டிங்கினேஷின் உண்மையான சுழற்சி 3 மணி 44 நிமிடம். யாருக்கும் அளவில் பிழை இல்லை. அளந்தது யாருடைய கடிகாரம் என்பதுதான் அதுவரை தெரியாமல் இருந்தது.

நிலவின் பெயர் என்ன? அது எப்படிப்பட்டது?

செலாம். 2023 நவம்பர் இறுதியில் சர்வதேச வானியல் ஒன்றியம் இந்தப் பெயரை ஏற்றது. எத்தியோப்பியாவின் டிகிகா பகுதியில் 2000-ஆம் ஆண்டு சேரசெனாய் அலெம்சகெட் கண்டெடுத்த, 33 லட்சம் ஆண்டு பழைய குழந்தைப் புதைபடிவத்துக்கும் அதுவே பெயர்.

செலாமின் இரண்டு பகுதிகளும் ஏறக்குறைய சம அளவு: ஒன்று 210 மீட்டர், மற்றொன்று 230 மீட்டர். டிங்கினேஷிலிருந்து 3.1 கி.மீ. தள்ளிச் சுற்றுகிறது. நம் நிலாவைப் போலவே எப்போதும் ஒரே முகத்தைத் தாய்க்கல்லுக்குக் காட்டியபடி போகிறது. இப்படி இரண்டு கற்கள் தொட்டு ஒன்றாகச் சேர்ந்த ஒட்டுக்கற்கள் விண்வெளியில் அபூர்வம் இல்லை. ஆனால் இன்னொரு சிறுகோளைச் சுற்றும் ஒட்டுக்கல்லை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

கல்லைத் தொடாமலே அதன் எடையை எப்படிச் சொல்கிறார்கள்?

நிலவு இருந்தால் எடை தெரிந்துவிடும். எவ்வளவு தள்ளி, எவ்வளவு நேரத்தில் சுற்றுகிறது என்ற இரண்டு எண் போதும், மற்றதைக் கெப்லரும் நியூட்டனும் பார்த்துக்கொள்வார்கள். 3.1 கி.மீ., 52.7 மணி என்று போட்டால் இரண்டு கல்லும் சேர்ந்து ஏறக்குறைய 50 கோடி டன் வருகிறது. கனஅளவால் வகுத்தால் அடர்த்தி நீரைப்போல 2.4 மடங்கு. இதே வகைப் பாறைத் துண்டை ஆய்வகத்தில் நிறுத்தால் மூன்று மடங்குக்கு மேல் வரும். ஆக, டிங்கினேஷின் உள்ளே கணிசமான இடம் காலி. முழுப் பாறை இல்லை. லாரியிலிருந்து கொட்டிய ஜல்லிக் குவியல் மாதிரி, இடுக்குகளோடு சேர்ந்துகிடக்கும் கற்கள்.

டிங்கினேஷ் எந்த வகைக் கல்?

சிறுகோள்களை அவை பிரதிபலிக்கும் ஒளியின் நிறமாலையை வைத்துப் பிரிக்கிறார்கள். டிங்கினேஷ் 'எஸ்' வகை: ஆலிவின், பைராக்சீன் போன்ற சிலிக்கேட் கனிமங்கள், கூடவே கொஞ்சம் இரும்பு-நிக்கல். பட்டையின் உட்பகுதியில் இந்த வகைதான் அதிகம். பூமியில் விழும் விண்கற்களில் பத்துக்கு எட்டுக்கு மேல் சாதாரணக் காண்ட்ரைட் என்ற வகை. இரண்டும் ஒன்றுதானா என்பது பல காலம் சர்ச்சையாகவே இருந்தது, நிறமாலைகள் சரியாகப் பொருந்தவில்லை. ஜப்பானின் ஹயபுசா கலம் 2010-இல் இட்டோகவா என்ற எஸ் வகைச் சிறுகோளின் தூசியைக் கொண்டுவந்து இறக்கிய பிறகுதான் தீர்ந்தது: கல் ஒன்றேதான், சூரியக் காற்றும் நுண்துகள் மோதல்களும் வெளிப்பரப்பின் நிறத்தை மாற்றிவிடுகின்றன.

படங்களில் நடுவே ஒரு மேடு தெரிகிறதே, அது என்ன?

இந்தக் கல்லின் கதையே அதுதான். படத்தைக் கவனித்தால் இரண்டு அமைப்புகள் தெரியும். ஒன்று, நீளவாக்கில் ஓடும் ஒரு பள்ளம். இரண்டு, நடுக்கோட்டை ஒட்டி வளையமாக ஓடும் ஒரு மேடு. மேடு பள்ளத்தின் மேல் ஏறிச் செல்கிறது. எது மேலே கிடக்கிறதோ அது பிறகு வந்தது. பள்ளம் முதலில், மேடு அப்புறம்.

இதற்கு ஆய்வாளர்கள் கைகாட்டுவது வெயிலை. சூரிய ஒளி கல்லின் மேல் விழுகிறது, கல் சூடாகி அந்த வெப்பத்தை அகச்சிவப்பு ஒளியாக வெளியே விடுகிறது. வெளியேறும் ஒளி மிக மெல்லிய ஓர் உந்துதலைத் தரும். கல் ஒழுங்கான உருண்டையாக இருந்தால் எல்லாப் பக்கமும் சமன்பட்டுவிடும். கோணல்மாணலாக இருந்தால் சமன்படாது. மிச்சமாகும் உந்துதல் கல்லைச் சுழற்றும். லட்சக்கணக்கான ஆண்டுகளில் சுழற்சி கூடிக்கொண்டே போகும், அல்லது குறையும். இதைக் கண்டறிந்த நால்வரின் பெயர் முதலெழுத்துகளைச் சேர்த்து யோர்ப் விளைவு என்கிறார்கள். வெறும் ஊகம் இல்லை: பூமியை நெருங்கி வரும் ஒரு சின்னச் சிறுகோள் ஆண்டுக்கு ஆண்டு வேகமெடுப்பதை அளந்து 2007-இல் வெளியிட்டார்கள். அந்தக் கல்லுக்கே இப்போது யோர்ப் என்றுதான் பெயர்.

இந்த விளைவு சின்னக் கற்களிடம்தான் செல்லும். குறுக்களவு பத்து மடங்கானால், சுழற்சி மாற நூறு மடங்கு காலம் பிடிக்கும். பெரிய சிறுகோள்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை; ஒரு கிலோமீட்டருக்குக் குறைந்தவை தப்ப முடியாது.

டிங்கினேஷைப் போன்ற ஒட்டாத கற்குவியல் சுமார் இரண்டேகால் மணி நேரத்துக்கு ஒருமுறை என்ற வேகத்தை நெருங்கினால், நடுக்கோட்டில் ஈர்ப்பால் கற்களைப் பிடித்துவைக்க முடியாது. எங்காவது சரியும். டிங்கினேஷிலும் அப்படி ஒரு பகுதி சரிந்து பள்ளமாகியிருக்கிறது என்பதுதான் லூசி குழுவினர் 2024 மே மாதம் நேச்சர் இதழில் சொன்ன விளக்கம். சிதறிய கற்களில் ஒரு பங்கு திரும்ப நடுக்கோட்டில் விழுந்து மேடானது. இன்னொரு பங்கு வெளியே நின்று சேர்ந்து செலாம் ஆகியிருக்க வேண்டும். பொருளை வெளியே அனுப்பியதாலும் நிலவோடு ஏற்பட்ட இழுபறியாலும் டிங்கினேஷின் சுழற்சி இன்றைய நிலைக்குத் தணிந்திருக்கிறது.

சரி, ஆனால் செலாம் ஏன் இரண்டாக இருக்கிறது?

இங்கேதான் விளக்கம் தடுமாறுகிறது. ஒரே சரிவில் இரண்டு நிலவுகள் உருவாகி மெதுவாக மோதி ஒட்டிக்கொண்டனவா? அல்லது இரண்டு தனித்தனிச் சரிவுகளில் பிறந்தவையா? இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதுதான் உறுத்தல், தற்செயல் என்று விட மனம் வராது. மோதிய வேகம் மட்டும் மிகக் குறைவாக இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் இப்படி வடிவம் கலையாமல் நிற்காது.

வயதைப் பற்றி ஒரு கணிப்பு உண்டு. நிலவின் பாதை எப்படி மெல்ல விலகியிருக்கும் என்று கணக்கிட்ட கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு, செலாமுக்கு 20 முதல் 30 லட்சம் வயது என்றது. சுமார் 450 கோடி ஆண்டு பழைய சூரியக் குடும்பத்தில் இது நேற்றுப் பிறந்த குழந்தை. எத்தியோப்பிய லூசி மண்ணுக்குள் போனதற்குக் கிட்டத்தட்ட சமகாலம். பெயர் வைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வழியே இல்லை.

அதன் மேல் ஒருவர் நிற்க முடியுமா?

நிற்கலாம், நடக்க முடியாது. ஈர்ப்பு பூமியில் உள்ளதைப்போல ஏறக்குறைய நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு. அறுபது கிலோ ஆள் அங்கே ஒன்றரை கிராம்தான். வினாடிக்கு 40 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டி எழும்பினால் திரும்பி வரவே மாட்டார். தும்மினால்கூடச் சிக்கல்.

பூமியில் வந்து மோதுமா?

இல்லை. சூரியனை மிக நெருங்கும்போதும் 29 கோடி கி.மீ. தொலைவில்தான் இருக்கிறது. செவ்வாயின் பாதையைக்கூடத் தொடுவதில்லை. பூமிக்கு 14 கோடி கி.மீ.க்குக் குறைந்து வராது.

டார்ட் விண்கலம் மோதிய சிறுகோளும் இதைப் போன்றதுதானே?

ஆமாம், நல்ல ஒப்பீடு. டார்ட் என்பது ஒரு சிறுகோளை மோதித் திசைதிருப்ப முடியுமா என்று பார்க்க நாசா அனுப்பிய கலம். 2022 செப்டம்பர் 26 அன்று அது மோதியது டிமார்ஃபோஸ் என்ற நிலவின் மேல். அந்த நிலவு சுற்றும் டிடிமோஸ் என்ற சிறுகோள் ஏறக்குறைய டிங்கினேஷ் அளவே, அதே எஸ் வகை, நடுவே அதே போன்ற மேடு. டிடிமோஸ் 2.26 மணிக்கு ஒருமுறை சுழல்கிறது; அதாவது உடையும் விளிம்பிலேயே நிற்கிறது. அதன் நிலவும் 1.2 கி.மீ. அருகில். டிங்கினேஷ் நிதானமாகிவிட்டது, நிலவும் தள்ளியிருக்கிறது. ஒன்று பூமியின் பக்கம் வந்துபோகும் கல், மற்றொன்று பட்டையை விட்டு நகராதது. பூமிக்கு அருகே வரும் கற்கள் பெரும்பாலும் பட்டையிலிருந்து வந்தவைதான் என்பதால், கிளம்பும் முன் அவை எப்படி இருந்திருக்கும் என்பதற்கு டிங்கினேஷ் ஒரு சான்று. டார்ட் மோதியதில் டிமார்ஃபோஸின் சுற்றுக்காலம் அரை மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. நாளை ஒரு கல்லை உண்மையிலேயே திசைதிருப்ப வேண்டி வந்தால், அது முழுப் பாறையா குவியலா, நிலவு உண்டா என்பதெல்லாம் முதலில் கேட்கப்படும்.

தங்கம், பிளாட்டினம் ஏதாவது?

ஆலிவினும் பைராக்சீனும் பூமியிலேயே வேண்டிய அளவு கிடக்கின்றன. போக்குவரத்துச் செலவைப் பார்த்தால் இந்தக் கேள்வியை விட்டுவிடலாம்.

வீட்டுத் தொலைநோக்கியில் தெரியுமா?

தெரியாது. வெறும் கண்ணுக்குத் தட்டுப்படும் மிக மங்கலான நட்சத்திரத்தைவிட ஒரு லட்சம் மடங்குக்கு மேல் மங்கல். பெரிய வானாய்வகங்களுக்கே அது ஒரு புள்ளிதான்.

லூசி மறுபடி அங்கே போகுமா?

போகாது. அடுத்ததாக 2025 ஏப்ரல் 20 அன்று டொனால்ட்ஜோஹன்சன் என்ற சிறுகோளை 960 கி.மீ. தொலைவில் கடந்தது, சுமார் 8 கி.மீ. நீளமுள்ள அதுவும் ஓர் ஒட்டுக்கல்லாகவே தெரிந்தது. 2027 ஆகஸ்டில் யூரிபேட்டீஸிலிருந்து ட்ரோஜன் சந்திப்புகள் தொடங்கும். 2033 மார்ச்சில் பட்ரோக்ளஸ்–மெனீஷியஸ் என்ற பெரிய இரட்டையோடு திட்டமிட்ட சந்திப்புகள் முடியும். டிங்கினேஷின் படங்களை நாசா எல்லோருக்கும் திறந்துவைத்திருக்கிறது. பார்ப்பதானால் நெருங்கியபோது எடுத்ததையும் ஆறு நிமிடம் கழித்து எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் படத்தில் செலாம் ஒன்று, இரண்டாவதில் இரண்டு.